கட்டில்களை எண்ணி வைத்த நாடு: போட்ஸ்வானாவும் அதன் சஃபாரி விடுதிகளும்

மவூன் நகரின் ஊடே தமலகானே என்றோர் ஆறு போகிறது. வறண்ட ஆண்டுகளில் மே, ஜூன் மாதங்களில் அது ஆறாகவே தெரியாது. படுகையில் மாடுகளும் கழுதைகளும் மேயும். குறுக்கே ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கும். திடீரென்று ஒருநாள் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரில் பேச்சு பரவும். மக்கள் கரைக்கு வந்து நிற்பார்கள். காய்ந்த புல்லையும் சருகையும் உருட்டிக்கொண்டு, நடக்கும் மனிதரைவிட மெதுவாக, நீர் மணலை நக்கியபடி ஊர்ந்து வரும். மேலே பார்த்தால் வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது. அது அந்த ஊரில் பெய்த மழையே இல்லை. முந்தைய டிசம்பரிலிருந்து மார்ச் வரை அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, கோடையும் போய்க் குளிர்காலம் வந்த பிறகு வந்து சேரும் வெள்ளம்.

போட்ஸ்வானாவின் விலங்குகள் இந்தத் தண்ணீரைத் தேடித்தான் நடக்கின்றன. அந்த விலங்குகளைத் தேடித்தான் உலகத்தின் பணக்காரப் பயணிகள் வருகிறார்கள். அவர்களுக்காக எழுந்த கூடார விடுதிகள் இன்று ஆப்பிரிக்காவிலேயே மிக விலை உயர்ந்தவற்றில் சேர்ந்துவிட்டன. ஒரு நாடு தன் காட்டைக் காட்டிப் பிழைப்பது என்று முடிவெடுத்தால், எத்தனை பேரை உள்ளே விடலாம்? என்ன விலைக்கு விடலாம்? வருகிற பணம் யாருக்குப் போக வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் போட்ஸ்வானா முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டுக்கும் அது தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. மூன்றாவதில் இன்னும் தடுமாறுகிறது. அந்த வெற்றியையும் தடுமாற்றத்தையும் சேர்த்தே இந்தக் கட்டுரை பார்க்கிறது.

மழையே பணமான நாடு

ஆப்பிரிக்காவின் தெற்கில், கடற்கரையே இல்லாமல், தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே, ஜாம்பியா ஆகியவற்றுக்கு நடுவே அமைந்த நாடு போட்ஸ்வானா. பரப்பு சுமார் 5,82,000 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ பிரான்ஸ் அளவு. மக்கள்தொகையோ 24 லட்சம் மட்டுமே. நிலத்தின் பெரும்பகுதி கலஹாரியின் மணல். மழை அரிது. அதனால்தான் 1976இல் தன் சொந்த நாணயத்தை வெளியிட்டபோது அதற்கு ‘புலா’ என்று பெயர் வைத்தார்கள். செட்ஸ்வானா மொழியில் புலா என்றால் மழை. வாழ்த்துச் சொல்லும் அதுவே. கூட்டங்களில் தலைவர் பேசி முடித்ததும் மக்கள் ‘புலா’ என்று முழங்குவார்கள்.

1885இல் இந்த நிலம் பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தது. பத்தாண்டு கழித்து, செசில் ரோட்ஸின் நிறுவனத்திடம் தங்கள் நாட்டை ஒப்படைத்துவிடக் கூடாது என்று முறையிடுவதற்காக மூன்றாம் காமா, செபெலே, பத்தோயென் என்ற மூன்று தலைவர்கள் லண்டனுக்கே கப்பலேறினார்கள். நிலம் கைமாறாமல் காத்த அந்தப் பயணத்தை நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. தலைநகர் கபரோனேயில் மூவருக்கும் சிலை நிற்கிறது. மூன்றாம் காமாவின் பேரன் செரெட்சே காமா, ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை 1948இல் மணந்தார். அதற்காகப் பிரிட்டிஷ் அரசு அவரை நாட்டுக்குள் விடாமல் வைத்திருந்தது. 1956இல் திரும்பி வந்த அவரே, 1966 செப்டம்பர் 30 அன்று விடுதலை பெற்ற நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார்.

அன்று உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று அது. நாடு முழுவதும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தார்ச்சாலை. மறு ஆண்டே ஒராப்பாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. 1971இல் அங்கே சுரங்கம் திறந்தது, 1982இல் ஜ்வனெங். டி பீர்ஸ் நிறுவனத்துடன் சரிபாதிப் பங்கில் அரசு நடத்திய அந்தச் சுரங்கங்களின் வருமானம் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் சாலையாகவும் மாறியது. காட்டை அவசரப்பட்டு விற்க வேண்டிய நெருக்கடி நாட்டுக்கு வராமல் போனதற்கு இந்த வைரப் பணம் பெரிய காரணம். விடுதிக் கொள்கையைப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

கறையான் கட்டிய தீவுகள்

சஃபாரியின் இதயம் வடமேற்கில் இருக்கும் ஒக்கவாங்கோ. ஆறுகள் பொதுவாகக் கடலைத் தேடிப் போகும். இந்த ஆறு பாலைவனத்துக்குள் வந்து விசிறிபோல் விரிந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. அங்கோலாவில் குபாங்கோ, குயிட்டோ என்று பிறக்கும் இரு ஆறுகள் சேர்ந்து, நமீபியாவின் ஒடுங்கிய நிலத்துண்டைக் கடந்து, மொஹெம்போவில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி கன மீட்டர் நீர் வருகிறது. பூமியின் பிளவுக் கோடுகளுக்கு நடுவே அமிழ்ந்த அந்த நிலம் தட்டுபோல் சமமானது. 250 கிலோமீட்டர் தூரத்துக்குச் சரிவு சுமார் 60 மீட்டர்தான். அதனால் மொஹெம்போவில் நுழையும் வெள்ளம் மவூனை எட்ட ஏறத்தாழ நான்கு மாதம் எடுத்துக்கொள்கிறது. வந்த நீரில் மிகப் பெரும்பகுதியை வெயிலும் செடிகொடிகளும் குடித்துவிடுகின்றன. தமலகானேயை எட்டுவது மிகச் சிறு பங்கு.

சுற்றியுள்ள கலஹாரி காய்ந்து வெடிக்கும் மாதங்களில்தான் டெல்டா நிரம்புகிறது. யானையும் எருமையும் வரிக்குதிரையும் அப்போது இங்கே திரள்கின்றன. ஜூன் முதல் அக்டோபர் வரை விடுதிகளின் உச்சப் பருவமாக இருப்பது இதனால்தான். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாக ஒக்கவாங்கோ சேர்ந்தது.

டெல்டாவில் எண்ணற்ற தீவுகள் உண்டு. பலவற்றைத் தொடங்கி வைத்தது கறையான். வெள்ளம் வடிந்த திடலில் கறையான் புற்றெழுப்புகிறது. அடுத்த வெள்ளத்தில் புற்று மட்டும் நீருக்கு மேல் நிற்கிறது. பறவை அதில் வந்து அமர்ந்து எச்சத்தோடு விதையைப் போடுகிறது. மரம் முளைத்து, வேர் சுற்றிலும் நீரை உறிஞ்ச, நீரிலிருந்த உப்பு மண்ணில் தங்கித் தீவு மெல்ல மெல்லப் பருக்கிறது. நூறாண்டுகள் கழித்துப் பார்த்தால் ஓரங்களில் அத்தியும் கருங்காலி இனத்து மரங்களும் பனைகளும் நிழல் விரித்திருக்கும். நடுவில் மட்டும் எதுவும் முளைக்காத வெண்ணிற உப்புத் திட்டு. விடுதிகள் அந்த ஓர நிழலைத் தேடித்தான் அமைகின்றன. விருந்தினர் படுத்துறங்கும் கட்டிலுக்கு அடியில் இருப்பது கறையான் சேர்த்த மண்.

ஈ காத்த காடு, மக்கள் ஒதுக்கிய நிலம்

இவ்வளவு தண்ணீர் இருந்தும் டெல்டா ஏன் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறவில்லை? ட்செட்சி ஈ ஒரு காரணம். மனிதருக்கு உறக்க நோயையும் மாடுகளுக்கு நகானா நோயையும் பரப்பும் இந்த ஈ இருந்தவரை மாட்டுக்காரர்கள் உள்ளே போகத் தயங்கினார்கள். பல பத்தாண்டுகள் அதை ஒழிக்கப் போராடினார்கள். 2001, 2002ஆம் ஆண்டுகளில் விமானத்திலிருந்து மருந்து தெளித்த பிறகே அது ஓய்ந்தது. அதற்குள் விலங்குகளுக்கான நிலம் சட்டப்படி வரையறுக்கப்பட்டுவிட்டது.

அந்த வரையறையின் தொடக்கம் மிக முக்கியமானது. கட்டுப்பாடற்ற வேட்டையால் விலங்குகள் அருகுவதைக் கண்டு, டெல்டாப் பகுதியின் படவானா மக்களே தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைக் காப்பகமாக ஒதுக்கினார்கள். அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் தலைவர் மொரெமியின் மனைவி எலிசபெத் புலானே மொரெமி. 1963இல், விடுதலைக்கும் முன்பே, மொரெமி காப்பகம் பிறந்தது. வெளியிலிருந்து வந்த அரசு ஆணையால் அமையாமல், ஓர் ஆப்பிரிக்கச் சமூகம் தன் பூர்விக நிலத்திலிருந்து தானே ஒதுக்கிக் கொடுத்த காப்பகம் அது. தலைவரின் வேட்டை நிலமாக இருந்த ‘சீஃப்ஸ் ஐலண்ட்’ பின்னர் அதனோடு சேர்ந்தது. இந்தக் கதைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. காப்பகத்தின் எல்லைக்குள் தலைமுறைகளாக வாழ்ந்த ஆற்றங்கரைச் சான் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். காப்பகத்தின் வடக்கு வாயிலில் இருக்கும் க்வாய் கிராமம் அப்படி உருவான ஊர்.

வடகிழக்கில் நாட்டின் முதல் தேசியப் பூங்காவான சோபே. நடுவில் 1961இல் அமைந்த, 52,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த மத்திய கலஹாரி காப்பகம். அதற்கு வடகிழக்கே மக்காடிக்காடி உப்புத் தட்டுகள். பூங்காக்களும் காப்பகங்களும் நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 17 விழுக்காடு. அவற்றைச் சுற்றியுள்ள வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளையும் கூட்டினால் ஏறத்தாழ 40 விழுக்காடு. பூங்காவுக்கும் மேலாண்மைப் பகுதிக்கும் இடையே பல இடங்களில் வேலியே கிடையாது. விலங்குக்கு எல்லை தெரியாது. இந்த இரண்டாம் வகை நிலத்தில்தான் புகழ்பெற்ற விடுதிகளில் பெரும்பாலானவை இருக்கின்றன.

குறைந்த ஆட்கள், கூடுதல் விலை

1990இல் அரசு ஒரு சுற்றுலாக் கொள்கையை வகுத்தது. கென்யாவின் சில பூங்காக்களில் ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது, முப்பது வண்டிகள் நிற்பதை உலகம் பார்த்துக்கொண்டிருந்த காலம். போட்ஸ்வானா வேறு வழியைத் தேர்ந்தது: வருவோர் எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும், ஒவ்வொருவரும் தரும் தொகை அதிகமாக இருக்கட்டும்.

நடைமுறையில் இது எப்படி இயங்குகிறது? டெல்டா அமைந்த ஙாமிலாந்து மாவட்டம் எண்ணிட்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. என்ஜி 22, என்ஜி 34 என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். ஒவ்வொரு துண்டையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு நிறுவனமோ ஒரு கிராம அறக்கட்டளையோ குத்தகைக்கு எடுக்கிறது. அந்தத் துண்டில் எத்தனை விடுதிகள், எத்தனை கட்டில்கள் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. பல்லாயிரம் ஹெக்டேர் நிலத்தில் இரண்டு, மூன்று முகாம்கள் மட்டுமே இருப்பது வழக்கம். ஒரு முகாமில் எட்டோ பத்தோ கூடாரங்கள். கட்டுமானம் மரத்தூண்களின் மேல் நிற்க வேண்டும். குத்தகை முடிந்து கழற்றி எடுத்துப்போனால் நிலம் பழையபடி ஆகிவிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஜெனரேட்டர் உறுமிய இடங்களில் இப்போது பெரும்பாலும் சூரிய மின்சாரம்.

விலையும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. உச்சப் பருவத்தில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். பெயர்பெற்ற முகாம்களில் இரண்டாயிரத்தையும் தாண்டும். இதில் ஆடம்பரம் ஒரு பகுதிதான். முட்டையும் ரொட்டியும் டீசலும் மவூனிலிருந்து மணல் தடத்தில் லாரியிலோ, சின்ன விமானத்திலோ போக வேண்டும். பத்துக் கூடார விருந்தினருக்கு அதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பணியாளர்கள் அங்கேயே தங்கி வேலை செய்கிறார்கள். அந்தச் செலவையெல்லாம் இருபது கட்டில்கள் தாங்க வேண்டியிருக்கிறது.

தங்குமிடங்களில் எத்தனை வகை

ஆயிரம் டாலர் கூடாரம் மட்டுமே போட்ஸ்வானா என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தங்குமிடங்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, டெல்டாவிலும் லின்யாந்தியிலும் உள்ள தனிக் குத்தகை முகாம்கள். சாலை இல்லை. மவூனிலிருந்து ஐந்தாறு பேர் அமரும் செஸ்னாவிலோ, சற்றே பெரிய கேரவன் விமானத்திலோ பறந்து மணல் ஓடுதளத்தில் இறங்க வேண்டும். சக்கரம் வைத்த பெட்டிக்கு இடமில்லை. மடங்கும் துணிப்பைதான், எடை 20 கிலோவுக்குள். இங்கே வண்டி தடத்தை விட்டு விலகிப் புல்வெளிக்குள் போகலாம். இரவில் விளக்கு வைத்துத் தேடலாம். துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியோடு நடக்கலாம். தேசியப் பூங்காவுக்குள் இவற்றுக்கு அனுமதி இல்லை.

இரண்டாம் வகை, காசானே ஊரைச் சுற்றிய ஆற்றோர லாட்ஜுகள். சோபே ஆற்றில் படகில் போனால் நீந்திக் கடக்கும் யானைக் கூட்டத்தைப் பக்கத்திலேயே பார்க்கலாம். அறைகள் அதிகம், விலை குறைவு, கூட்டமும் அதிகம். பூங்காவுக்குள்ளேயே ஆற்றங்கரையில் 1970களின் தொடக்கத்தில் திறந்த சோபே கேம் லாட்ஜில் வழிகாட்டிகள் அனைவரும் பெண்கள்; மின்சார வண்டிகளையும் மின்சாரப் படகுகளையும் அவர்கள் ஓட்டுகிறார்கள். 2021இல் ஜாம்பேசியின் மேல் கசுங்குலா பாலம் திறந்த பிறகு விக்டோரியா அருவியையும் சோபேயையும் ஒரே பயணத்தில் சேர்ப்பது எளிதாகிவிட்டது.

மூன்றாம் வகை, நகரும் முகாம்கள். வழிகாட்டி, சமையல்காரர், இரண்டு உதவியாளர்கள்; லாரியில் கூடாரம், மடிப்புக் கட்டில், இரும்புப் பாத்திரம். மொரெமியில் இரண்டு இரவு, க்வாயில் இரண்டு, சவூட்டியில் இரண்டு என்று இடம் மாறிக்கொண்டே போவார்கள். மொகோரோ தோணி ஓட்டுவதையும் இந்த நகரும் சஃபாரிகளையும் அரசு குடிமக்களுக்கென்று ஒதுக்கியிருப்பதால், உள்ளூர்க்காரர் முதலாளியாக நுழையத்தக்க வாசல் இது.

நான்காம் வகை, பொது முகாம் திடல்கள். மொரெமியின் தேர்ட் பிரிட்ஜ், சவூட்டி போன்ற இடங்களில் நான்கு சக்கர இயக்க வண்டியின் கூரை மேல் கூடாரம் விரித்துத் தங்கலாம். வேலி இல்லை. கழிப்பறைக்குப் போகும் வழியில் கழுதைப்புலியின் கண்கள் டார்ச் வெளிச்சத்தில் மின்னும். சமைத்த மிச்சத்தை வெளியே வைக்கக் கூடாது என்ற ஒரு விதியை மீறினால் போதும், இரவு கெட்டுவிடும்.

ஐந்தாம் வகை, கிராமங்களே நடத்தும் தங்குமிடங்கள். இவற்றைப் பற்றிப் பயணப் பிரசுரங்கள் குறைவாகவே பேசுகின்றன. கட்டுரையின் முடிவில் இவற்றுக்கு வருகிறேன்.

எந்த வகையானாலும் நாளின் ஒழுங்கு ஏறத்தாழ ஒன்றே. விடியுமுன் கூடாரத்துக்கு வெளியே ஒரு குரல் ‘துமேலா’ என்று வணக்கம் சொல்லி எழுப்பும். ஜூன், ஜூலையில் அந்த நேரத்துக் குளிர் எலும்பைக் குத்தும். திறந்த வண்டியில் போர்வையும் வெந்நீர்ப் பையும் தருவார்கள். வழிகாட்டி கதவுப் பக்கம் குனிந்து மணலைப் படித்துக்கொண்டே ஓட்டுவார். நேற்று மாலை வண்டி போன டயர் தடத்தின் மேல் சிங்கத்தின் பாதம் பதிந்திருக்கிறது; ஆக, அது இரவில் நடந்திருக்கிறது. பாதத்தின் விளிம்பு இன்னும் உதிரவில்லை, பனித்துளி விழுந்த புள்ளிகள் அதன்மேல் இல்லை. ஆக, பனி இறங்கிய பிறகு, விடியலில் நடந்திருக்கிறது. தூரத்தில் மரத்து உச்சியில் குரங்குகள் ஒரே திசையைப் பார்த்துக் கத்துகின்றன. வண்டி அந்தப் பக்கம் திரும்புகிறது. இந்த அறிவு எந்தக் கல்லூரியிலும் முழுதாகக் கிடைக்காது. மாடு மேய்த்துக்கொண்டு காட்டோரம் வளர்ந்தவர்களிடம் இருக்கிறது. விருந்தினர் தரும் ஆயிரம் டாலரில் பெறுமதியான பகுதி எது என்று கேட்டால், மெத்தையையும் மதுவையும் விட்டுவிட்டு இந்த வாசிப்பைத்தான் காட்டுவேன்.

மொகோரோவும் அப்படியே. பாயெயி மக்கள் 18ஆம் நூற்றாண்டில் டெல்டாவுக்குக் கொண்டுவந்த ஒற்றைமரத் தோணி அது. முதிர்ந்த மரத்தை வெட்டிக் குடைந்து செய்தார்கள். இப்போது மரத்தைக் காப்பதற்காக அதே வடிவில் கண்ணாடியிழையில் வார்க்கிறார்கள். பின்முனையில் நின்றபடி நீண்ட கழியை அடிமணலில் ஊன்றித் தள்ளுவார் படகுக்காரர். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் அல்லி மலர். நாணல் தண்டில் நகக்கண் அளவுத் தவளை. நீர்யானை இருக்கும் ஆழத்தைத் தவிர்த்து ஆழமற்ற வாய்க்காலைத் தேர்வது அவர் கையில் இருக்கிறது. பயணியின் உயிரும்தான்.

பணம் எங்கே போகிறது

இப்போது மூன்றாவது கேள்வி. மவூனில் உள்ள ஒக்கவாங்கோ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ம்பைவா 2000களிலிருந்து ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டிவருகிறார். டெல்டாவின் சுற்றுலா ஒரு தனித்தீவுபோல் இயங்குகிறது: பெரும்பாலான விடுதிகளின் உடைமையும் மேலாண்மையும் வெளிநாட்டார் கையில், முன்பதிவும் கட்டணமும் நாட்டுக்கு வெளியே நடக்கின்றன, உணவுப் பொருள்கூட வெளியிலிருந்து வருகிறது, உள்ளூர் மக்களுக்கு எஞ்சுவது பெரும்பாலும் கீழ்நிலைச் சம்பளம். விமானத்தில் வந்து விமானத்தில் போகும் விருந்தினர் வழியில் ஒரு கிராமத்தையும் பார்ப்பதில்லை.

இதற்கு மாற்றாக அமைந்ததே சமூக அடிப்படையிலான இயற்கைவள மேலாண்மைத் திட்டம். கிராமங்கள் அறக்கட்டளை அமைத்து, தங்கள் நிலத்துண்டின் வனவிலங்கு உரிமையைப் பெற்று, அதை நிறுவனங்களுக்கு உள்குத்தகை விடலாம். 1993இல் சோபே என்கிளேவ் கிராமங்கள் முதல் அறக்கட்டளையைத் தொடங்கின. சங்கோயோ, க்வாய் போன்ற சிற்றூர்கள் பின்தொடர்ந்தன. சங்கோயோவில் வேட்டை உரிமக் கட்டணத்திலிருந்து வீடுகளுக்குக் கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் வந்தன. ஆனால் 2007இல் வகுத்த கொள்கை, இத்தகைய வருமானத்தில் 35 விழுக்காட்டைக் கிராமத்துக்கும் 65 விழுக்காட்டைத் தேசிய சுற்றுச்சூழல் நிதிக்கும் என்று பிரித்தது. வைரத்தின் பலன் நாட்டுக்கே பொதுவாவதுபோல் விலங்கின் பலனும் பொதுவாக வேண்டும் என்பது அரசின் வாதம். வைரம் இரவில் வந்து சோளக்கொல்லையை மிதிப்பதில்லை என்பது கிராமத்தாரின் பதில். இருவர் வாதத்தையும் எடைபோட்டுப் பார்த்தால், கிராமத்தார் பக்கமே நியாயம் சாய்கிறது என்று நினைக்கிறேன்.

2014 ஜனவரியில் வேட்டைக்குத் தடை வந்தது. படம் பிடிக்க வரும் பயணிகள் வேட்டை வருமானத்தின் இழப்பை ஈடுகட்டுவார்கள் என்றார்கள். ஆற்றோரத்தில், விலங்கு செழித்த க்வாய்க்கு அது ஓரளவு பொருந்தியது. நீரற்ற, காட்சி குறைந்த புதர்க்காடுகளுக்குப் பயணிகள் வரவில்லை; அங்கே வருமானம் வறண்டது. 2019 மே மாதம் தடை நீங்கியது. எல்லாக் காட்டையும் விடுதியால் காப்பாற்றிவிட முடியாது என்ற பாடத்தை அந்த ஐந்தாண்டுகள் கற்றுத்தந்தன.

மத்திய கலஹாரியின் பாடம் இன்னும் கசப்பானது. காப்பகம் அமைந்தபோது அங்கே வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களின் வாழ்வும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் 1997இலும் 2002இலும் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மொதொமெலோவில் இருந்த ஆழ்துளைக் கிணறு செயலிழக்கச் செய்யப்பட்டது. வெளியேற்றம் சட்டவிரோதம் என்று 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் தண்ணீர் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் அதே காப்பகத்துக்குள் விருந்தினருக்காக நீச்சல் குளத்தோடு ஒரு முகாம் எழுந்தது. கிணற்றைப் பயன்படுத்தும் உரிமையை 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் மீட்டுத் தந்தது. விருந்தாளி குளிக்க நீர் இருக்கும் மண்ணில், அந்த மண்ணின் மக்கள் குடிக்க நீருக்காக நீதிமன்றப் படியேறிய வரலாற்றை எந்தச் சூழலியல் விருதும் மறைத்துவிட முடியாது.

யானையும் மாடும் மேல்நீரும்

2022இல் ஐந்து நாடுகள் சேர்ந்து, காசா எனப்படும் கவாங்கோ–ஜாம்பேசி எல்லைகடந்த காப்புப் பகுதியில் யானைகளைக் கணக்கெடுத்தன. போட்ஸ்வானாவின் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 1,32,000. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. டெல்டாவின் வடக்கு ஓரம், செரொங்காவைச் சுற்றிய ஊர்களில் மனிதர் எண்ணிக்கையும் யானை எண்ணிக்கையும் ஏறத்தாழ சமம். பள்ளிப் பிள்ளைகள் யானைத் தடங்களைக் கடந்துபோக அங்கே பேருந்து விட்டிருக்கிறார்கள். முகாமின் மேடையில் அமர்ந்து பார்க்கும்போது பேரழகாகத் தெரியும் அதே யானை, ஆற்றுக்கு அப்பால் ஒரு குடும்பத்தின் ஓராண்டுத் தினையை ஓரிரவில் தின்றுவிடுகிறது.

மாடும் இந்தக் கதையில் கனமான பாத்திரம். ஐரோப்பாவுக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்ய நோயற்ற மந்தை வேண்டும்; அதற்காக 1950களிலிருந்து நாட்டைக் குறுக்கும் நெடுக்கும் கால்நடை வேலிகள் வெட்டின. கலஹாரியின் வறட்சிக் காலங்களில் தண்ணீரைத் தேடிய வில்டபீஸ்ட் மான்கள் வேலியில் முட்டிப் பெருந்தொகையாக மடிந்தன. 1996இல் மாட்டு நுரையீரல் நோயை ஒழிக்க ஙாமிலாந்தில் ஏறத்தாழ 3,20,000 மாடுகளைக் கொன்றார்கள். செல்வமும் சீதனமும் சேமிப்பும் மாடாகவே இருந்த வீடுகள் ஓராண்டில் வெறுமையாயின. பலர் விடுதி வேலைக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

அடுத்த ஆபத்து மேலிருந்து வரக்கூடியது. டெல்டாவின் நீரில் பெரும்பகுதி வேறு நாட்டில் பிறக்கிறது. அங்கோலாவும் நமீபியாவும் போட்ஸ்வானாவும் 1994இல் ஒக்காகோம் என்ற நதி ஆணையத்தை அமைத்தது இதற்காகத்தான். போர் ஓய்ந்த அங்கோலாவுக்குப் பாசனம் வேண்டும். நமீபியாவின் கவாங்கோ பகுதியில் 2021இல் எண்ணெய்த் தேடல் கிணறுகள் துளையிடப்பட்டன. வைரமும் முன்போல் இல்லை. ஆய்வகத்தில் உருவாகும் வைரங்கள் சந்தையை உலுக்கியிருக்கின்றன. நெருக்கடியான வேளையில் 2024 தேர்தலில், விடுதலை முதல் ஆண்ட கட்சி தோற்று, டுமா போகோ குடியரசுத் தலைவரானார். வைரம் விட்ட இடத்தைச் சுற்றுலா நிரப்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இனி கூடும். கட்டில் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லும் குரலும் கூடும்.

அப்போது நினைவில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் பாசனத்துக்கும் நீரெடுக்க, டெல்டாவின் போரோ ஆற்றைத் தூர்வாரி ஆழப்படுத்த அரசு திட்டமிட்டது. 1991 ஜனவரியில் மவூன் மக்கள் கோட்லாவில், அதாவது ஊர்ப்பொது மன்றத்தில் கூடினார்கள். யாரும் எழுந்து பேசலாம், பேசியவரைத் தண்டிக்கக் கூடாது என்பது கோட்லாவின் மரபு. மீனவரும் மாட்டுக்காரரும் கூடை முடைபவரும் அமைச்சருக்கு முன்னால் எழுந்து வேண்டாம் என்றார்கள். மறுஆண்டு பன்னாட்டு ஆய்வுக்குழுவும் அவர்கள் பக்கமே நின்றது, திட்டம் கைவிடப்பட்டது. இன்று விடுதிகள் விலைகூறி விற்கும் காட்சியை அன்று காத்தது அந்த மன்றம்.

வீட்டுக்காரர் யார்?

குறைந்த ஆட்கள், கூடுதல் விலை என்ற கொள்கை தோற்றுவிட்டதாகச் சொல்ல மாட்டேன். முப்பதாண்டுகளில் நிலத்தைக் கெடுக்காமல் அது காத்திருக்கிறது. கட்டில்களை எண்ணிவைத்த தொலைநோக்கு பாராட்டுக்குரியது. ஆனால் கட்டிலை எண்ணிய கவனத்தோடு பங்கை எண்ணவில்லை.

எண்ண முடியும் என்பதற்கு நாட்டிலேயே சான்றுகள் உண்டு. செரோவே அருகில் சுற்றுவட்டார ஊர்களின் அறக்கட்டளை 1992இல் தொடங்கிய காமா காண்டாமிருகச் சரணாலயத்தில் எளிய குடில்களும் முகாம் திடலும் இருக்கின்றன. அங்கே தங்குபவர் தரும் பணம் காண்டாமிருகத்தையும் ஊரையும் சேர்த்துக் காக்கிறது. நாட்டா பறவைச் சரணாலயத்தை நான்கு கிராமங்கள் நடத்துகின்றன. மழை நல்ல ஆண்டில் உப்புத் தட்டில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக விரிவதை அங்கிருந்து பார்க்கலாம். கான்சி வட்டாரத்தில் டிகார் ஊரின் நாரோ சான் மக்களுக்கே சொந்தமான டகாய் காரே விடுதியில், கிழங்கு தேடுவதையும் நெருப்புக் கடைவதையும் அவர்களே தங்கள் நிலத்தில் காட்டுகிறார்கள். விலை, டெல்டா முகாமில் கேட்பதில் சிறு பகுதி.

போட்ஸ்வானா போக நினைக்கும் தமிழ் வாசகர் ஜொகன்னஸ்பர்க் வழியாக மவூனுக்கோ காசானேக்கோ பறக்கலாம். வடபகுதியில் மலேரியா உண்டு. மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரையான பச்சைப் பருவத்தில் விலை இறங்கும். மான் குட்டிகளும் பறவைகளும் மிகும். இவற்றோடு விடுதியிடம் மூன்று கேள்விகள் கேட்கும்படி வேண்டுகிறேன். இந்த நிலத்தின் குத்தகை யாருடையது? மேலாளர் எந்த ஊர்க்காரர்? இந்தக் கட்டணத்தில் கிராமத்துக்கு என்ன போகிறது? நல்ல விடுதிகள் இவற்றுக்கு மகிழ்ந்து பதில் சொல்கின்றன.

விருந்தோம்பல் என்பது வீட்டுக்குரியவர் செய்வது. வீடு ஒருவருடையதாகவும் விருந்து படைக்கும் பெருமை மற்றொருவருடையதாகவும் இருந்தால் அதற்குச் சேவை என்றுதான் பெயர். 1963இல் தம் நிலத்தை விலங்குகளுக்கு விட்டுக்கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலையில் கூடார வாசலில் நின்று ‘துமேலா’ என்கிறார்கள். அவர்கள் அந்த வீட்டுக்காரராகவும் நின்று அதைச் சொல்லும் நாளில்தான் இந்தக் கொள்கை நிறைவடையும்.